உடன் உண்டவர்

விற்பனை மேலாளர் பொய்யாக எழுதிக் கொடுத்த விருந்தாளி, ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனி வரவேற்பறைக்கு நேரில் வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். நல்ல உடம்பு. வருடம் முழுக்க மேலாளர் அவர் பெயரில் கணக்குக் காட்டிய மதியச் சாப்பாடுகள் அத்தனையும் அவருடைய தொப்பையில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தன. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, யாரையும் இல்லை, சாப்பிட வந்தேன் என்றார். மறுநாள் இன்னும் சிலர் வந்தார்கள். மாதக் கடைசிக்குள் வரவேற்பறை நிரம்பி, மாடிப்படியிலும் ஆட்கள் ஏப்பம் விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு மூக்கு இல்லை. அவசரத்தில் எழுதப்பட்டவராக இருக்க வேண்டும்.

அது லிஃப்ட் விற்று, பழுதும் பார்த்துக் கொடுக்கும் கம்பெனி. வெளியே போகும் ஊழியர் வாடிக்கையாளரோடு சாப்பிட்டால் மட்டுமே சாப்பாட்டுச் செலவைத் திருப்பித் தருவார்கள். அதற்காகப் படிவத்தில் ‘உடன் உண்டவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் என்னென்ன ஜனங்கள் பிறக்கிறார்கள் என்பது கணக்குப் பிரிவு அக்காவுக்கு நன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் எழுதினவரைத் தனியாகக் கூப்பிட்டு, கத்தாமல் ஒரு வார்த்தை கேளுங்கள் சார் என்று முதலாளியிடம் சொல்லிச் சொல்லி அவள் அலுத்துப்போயிருந்தாள். எழுதின விற்பனை மேலாளர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அவரைக் கேட்டுவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகும் துணிச்சல் முதலாளிக்கு இல்லை. ஆகவே விருந்தாளிகள் வந்ததும், இனி மறைக்க எதுவுமில்லை என்று அக்கா நம்பினாள். முதலாளி கீழே இறங்கி வந்து, ஒருவரின் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பினார்.

“பாத்தியாம்மா? எல்லாரும் நிஜமாவே இருக்காங்க. நீதான் அநாவசியமா மனுஷங்களைச் சந்தேகப்படறே.”

மச்சானின் பில்கள் அன்றே பாஸாயின. ஆனாலும் தான் கண்டிப்பானவர் என்று காட்ட முதலாளிக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். தேடியதில் மெக்கானிக் அகப்பட்டான். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போய், பொழுது சாய்ந்தபின் மூலைக் கடையில் சாப்பிட்டவன், அந்தக் கட்டத்தில் ‘தனியாக’ என்று எழுதியிருந்தான். கம்பெனி தொடங்கிய நாள்முதல் யாரும் அப்படி எழுதியதில்லை. எவன் தனியாகச் சாப்பிட்டுவிட்டு அதை எழுதியும் கொடுப்பான்? எவனையோ மறைக்கிறான். போட்டிக் கம்பெனிக்காரனாகத்தான் இருக்கும் என்று மச்சான் எடுத்துக் கொடுத்தார்.

அக்கா மெக்கானிக்கைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான். மருத்துவமனைக்கும் கடைக்கும் போன் செய்தாள். எல்லாம் பொருந்தியது. ஒரு டீ ஆறும் நேரத்தில் விஷயம் முடிந்துவிட்டது. முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

“கடைக்காரன் சொல்லிட்டா ஆச்சா? இவன் சாப்பிடறப்போ கூட உக்காந்திருந்தது யாரு?”

“தனியா சாப்பிட்டப்போ கூட யாரு சார் உக்காருவாங்க?”

“அதைத்தானே நானும் சந்தேகம்ங்கறேன்!”

விசாரணைக் குழு கூடியது. நடுநிலை வேண்டுமென்று மூக்கில்லாதவரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் உடன் உண்டவரை ஆஜர்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும் என்று தீர்ப்பானது. மெக்கானிக்கின் மனைவிக்கு அது நிறைமாதம். பணிநீக்கக் கடிதத்தைத் தயாராக அடித்துவைக்கும் வேலையை அக்காவிடமே கொடுத்தார்கள். அவள் பாதி அடித்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் ஒரு பைசாவைக் கூடக் கூட்டிக் குறைத்து எழுதாதவள், அவன் படிவத்தை எடுத்து ‘தனியாக’ என்பதை அடித்துவிட்டு எழுதினாள்: மருத்துவமனைக் கட்டடப் பொறுப்பாளர், நீலச் சட்டை, அதிகம் பேசமாட்டார். மூக்கு உண்டு என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். ஒரே வேளைச் சாப்பாட்டில் உண்டானவர் என்பதால் ஈர்க்குச்சியாக இருந்தார். “சேந்துதான் சாப்பிட்டோம்,” என்றார். முதலாளி அவர் கையைக் கிள்ளிப் பார்த்தார். வழக்கு தள்ளுபடியானது. உண்மையைக் கறந்து எடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளி வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மெக்கானிக்குக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

“அக்கா, நான் தனியாத்தானே சாப்பிட்டேன்? முதலாளிகிட்ட போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லு. நான் கடுதாசியோட மீதிப் பாதிய அடிச்சு முடிக்கறேன்.”

“அதுக்காகப் பொய்யாக்கா?”

“நீ நிஜத்தை எழுதினேடா. எவன் நம்பினான்?”

அவன் வரவேற்பறைக்குப் போனான். மற்ற விருந்தாளிகள் அவரவர் பில்லுக்குத் தக்கபடி கொழுத்து, இடத்தை அடைத்து உட்கார்ந்திருக்க, ஈர்க்குச்சி மனிதர் மாடிப்படியின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார். அவரை எழுதினவளைத் தவிர அவருக்கென்று யாருமில்லை. அடுத்த வேளைச் சாப்பாட்டை யாரும் அவர் பெயரில் எழுதப்போவதுமில்லை. மெக்கானிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு படியில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதியை எடுத்துவைத்து அவர் பக்கம் நகர்த்தினான். அவர் சாப்பிட்டார். மறுநாளும் சாப்பிட்டார். குழந்தை பிறந்தபின் மெக்கானிக்கின் மனைவி இரண்டு பேருக்குப் போதும்படி கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். மத்தியானமானால் கணக்குப் பிரிவு அக்காவும் தன் டப்பாவோடு வந்து மேல்படியில் உட்கார்ந்துகொள்வாள்.