மேனேஜர் பிடித்த மீன்

மன நிம்மதிக்காக மீன் பிடிக்கும்படி மருத்துவர் சொன்னது மேனேஜரிடம்தான். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் நிம்மதியடைந்து அவருக்குப் பழக்கமில்லை. எனவே வெள்ளிக்கிழமை காலையிலேயே பதிவேட்டில் இருவருக்கும் ‘வெளி அலுவல்’ என்று எழுதிவிட்டு, ஸ்டோர் கீப்பரைப் படகில் ஏற்றி, நட்டாற்றில் நங்கூரத்தைப் போட்டார். ஸ்டோர் கீப்பருக்கு நீச்சல் தெரியாது.

அவர் மறுபேச்சில்லாமல் வந்ததற்குக் காரணம் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஒரு காகிதம். மனைவி வேலை பார்க்கும் ஊருக்கே அவருக்கு மாற்றல் வந்திருந்தது. பணியிலிருந்து விடுவிப்பதாக மேனேஜர் கையெழுத்துப் போட்டு, மாலை ஐந்துக்குள் அதைப் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு. ஐந்து வருடமாக அவர் மாதத்துக்கொரு தரம் வீட்டுக்குப் போகிறவர். போன தடவை கதவைத் திறந்த மகள், “அம்மா, அந்த மாமா வந்திருக்காரு” என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

ஸ்டோர் கீப்பரின் கை சட்டைப்பைக்குப் போனதுமே மேனேஜர் உதட்டில் விரல் வைத்தார். ஆற்றில் ஆபீஸ் பேச்சு கூடாதாம், சத்தம் கேட்டால் மீன் ஓடிவிடுமாம். அவருடைய சத்தத்துக்கு மட்டும் மீன்கள் ஓடாது போலும். மௌனத்தின் மகிமையைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். தலையில் புதுத் தொப்பி, உடம்பில் பதினாறு பைகள் வைத்த மேல்சட்டை, கையில் வெளிநாட்டுத் தூண்டில். மண்புழுவைத் தொடுவதற்கு மட்டும் ஸ்டோர் கீப்பர் தேவைப்பட்டார்.

மத்தியானம் வரை ஒன்றும் சிக்கவில்லை. மேனேஜரின் முகம் தொங்கிப்போனது. இந்த முகத்திடம் எதை நீட்டினாலும் காரியம் ஆகாது. ‘கையெழுத்து ஆச்சா?’ என்று மனைவி மூன்றாவது முறையாகச் செய்தி அனுப்பியிருந்தாள்.

இரண்டு மணிக்கு மேனேஜர் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டார். அந்த நேரம் பார்த்து ஸ்டோர் கீப்பரின் மூங்கில் தூண்டிலில் முழ நீளத்துக்கு ஒரு மீன் மாட்டியது. அவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. மீனைக் கழற்றி, மேனேஜரின் தூண்டில் முள்ளில் மாட்டி, சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்கிவிட்டுச் செருமினார்.

மேனேஜர் மீனை இழுத்த இழுப்பில் படகே கவிழப் பார்த்தது. நாலு கோணத்தில் படம் எடுக்க வைத்தார். முகம் மலர்ந்திருந்தபோதே ஸ்டோர் கீப்பர் காகிதத்தை நீட்டினார். மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

“ஏன்யா, மூணு மாசமா யார் யாரையோ கூட்டிட்டு வர்றேன், ஒரு குஞ்சுகூட மாட்டல. இன்னிக்கு நீ பக்கத்துல இருந்த, மாட்டிருச்சு. உன் ராசி அப்படி. உன்னைப் போய் அனுப்புவேனா?”

“சார்... அது என் தூண்டில்ல மாட்டின மீன் சார். நான்தான் எடுத்து உங்க முள்ளுல மாட்டினேன்.”

மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஒருத்தன் மீன் பிடிச்சா பொறாமைப்படக் கூடாதுய்யா.”

காகிதத்தை மடித்துப் பதினாறு பைகளில் ஏதோ ஒன்றில் வைத்து ஜிப்பை இழுத்தார். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார். பிறகு மீனை இரு கைகளிலும் ஏந்தி, “போ, புள்ளகுட்டியோட சந்தோஷமா இரு” என்று ஆற்றில் விட்டார். உயிருக்கு விடுதலை கொடுப்பதில்தான் உண்மையான நிம்மதி என்று அதற்கு விளக்கமும் சொன்னார்.

மணி நாலேகால். மேனேஜர் வெறும் முள்ளை நீட்டினார். ஸ்டோர் கீப்பர் டப்பாவைத் திறந்து அடுத்த புழுவைத் தேடினார்.