பஞ்சுருட்டானின் அலகில்

கோடை விடுமுறை விட்டால் மற்ற டீச்சர்கள் கடைவீதி சுற்றக் கிளம்புவார்கள். நான் அஜ்லூன் மலையில், அண்ணன் ஹிக்மத்தின் தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் கேமராவோடு குப்புறப் படுத்துக் கிடப்பேன். எதிரே மண்சரிவில் பொந்து தோண்டிப் பஞ்சுருட்டான்கள் குஞ்சு பொரித்திருந்தன.

அன்று காலை அண்ணன் வாளியில் மண்ணும் வைக்கோலும் குழைத்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணா, வீடு கட்டப் போறியா?"

"அடைக்கப் போறேன்டி. உன் செல்லக் குருவிங்க பொந்தையெல்லாம். என் தேனீயைத் தின்னே கொழுத்துப்போச்சுங்க."

"உள்ள குஞ்சு இருக்குண்ணா!"

"தெரியும்."

அந்தத் 'தெரியும்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. "சாயங்காலம் வரைக்கும் பொறு. அதுங்க என்ன தின்னுதுன்னு படம் எடுத்துக் காட்டுறேன்" என்றேன்.

"எடு. ஆனா ஒரு படத்தையும் அழிக்கக் கூடாது நுஹா. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

வெயில் மண்டையைப் பிளந்தது. மின்கம்பியில் வந்து உட்கார்ந்த முதல் பறவையின் அலகில் தேனீ. அடுத்ததன் அலகிலும் தேனீ. பாவிகளா, இன்றைக்கு ஒரு நாளாவது தும்பியைப் பிடிக்கக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினேன். அழிக்கும் பொத்தான் வரை விரல் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை விலக்கிக்கொண்டேன்.

மாலையில் அண்ணன் ஒவ்வொரு படமாகத் தள்ளினான்.

"தேனீ. இதோ, தேனீ. இது என்ன?"

"சில்வண்டு."

"சரி. மறுபடியும் தேனீ. போதுமாடி?"

மேலும் தள்ளிக்கொண்டே போனான். அவன் விரல் சட்டென்று நின்றது.

"இதைப் பெருசாக்கு."

பறவை கம்பியில் அடித்துக்கொண்டிருந்தது ஒரு செங்குளவியை. அடுத்த படத்தில் வேறொரு பறவை, அதன் வாயிலும் செங்குளவி. போன கோடையில் செங்குளவிகள் புகுந்து பெட்டி பெட்டியாக அழித்தபோது, செத்த தேனீக்களைக் கையில் அள்ளிக்கொண்டு அழுதவன் அண்ணன். மீன்தலை வைத்துப் பொறி கட்டியும் ஒன்றும் பலிக்கவில்லை.

"இதுவும் இங்கதான் எடுத்தியா?"

"இதே கம்பியிலதான்."

"திருட்டுப் பசங்க" என்றான், ஆனால் குரலில் காரம் இல்லை. "காவலும் காக்குதுங்க, கூலிக்கு என் தேனீயையே எடுத்துக்குதுங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன். மண்சரிவைத் தாண்டிப் போய், முதல் தேன்பெட்டியின் முன் குந்தி, அகன்ற வாசலில் மண்ணை அப்பினான். தேனீ நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டான்.

"செங்குளவி வர்ற காலம். எல்லா வாசலையும் குறுக்கணும். பார்த்துக்கிட்டே நிக்காம மண்ணை அள்ளுடி."

கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் அள்ளினேன். சரிவின் பொந்துகளில் குஞ்சுகள் இரை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன.