சாட்டிஸ் பூஜா

யூ.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா. கேட்டீர்களா இந்தக் கூத்தை? மூக்கு ஒழுகினால் துடைக்கத் தெரியாத வயசு. ஏப்ரல் வெயிலில் அதுகளுக்குக் கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, அதில் குஞ்சம் வேறு. எல்லாம் வாடகைக்கு வந்தவை. போன வருஷம் எந்தப் பிள்ளையோ வாந்தியெடுத்த நாற்றம் இன்னும் அந்தத் துணியை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு அங்கியாக எடுத்து மாட்டிவிடும்போதும் ஜொவிட்டாவுக்குக் குமட்டியது.

ஜொவிட்டா பெசன்ட் நகரில் ஒரு தனியார் பள்ளியில் யூ.கே.ஜி. டீச்சர். வருஷா வருஷம் மே மாதம் கூப்பிட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் வேலை உண்டு. சாந்தோம் பக்கம் வீடு. கன்னியாஸ்திரீ ஆகிறேன் என்று மடத்துக்குப் போய், சில வருஷம் இருந்து லத்தீன் எல்லாம் படித்து, ஒத்துவராமல் திரும்பி வந்தவள். அந்த லத்தீனால் தனக்கு எந்தக் காலத்திலும் பிரயோஜனம் வரப்போவதில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

தாளாளர் ஜவஹர்தான் கூப்பிட்டனுப்பினார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஜவுளி அலுத்துப்போய்க் கல்விச் சேவைக்கு வந்துவிட்டார். பேசிக்கொண்டே கார் சாவியால் காதைக் குடைவார். வந்ததை எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு மேஜை ஓரத்தில் தேய்ப்பார். அந்த மேஜைமேல்தான் பிள்ளைகளின் சான்றிதழ் அட்டைகள் அடுக்கியிருந்தன.

அமெரிக்காவில் பட்டத்தோடு சேர்த்து லத்தீனில் ஏதோ போடுகிறார்களாமே, அதை நாமும் போட வேண்டும் என்றார். ஜொவிட்டா விளக்கிச் சொன்னாள். லாவ்தே என்றால் பாராட்டு. கும் லாவ்தே, பாராட்டுடன். முன்னால் மாக்னா சேர்த்தால் பெரும் பாராட்டு, ஸும்மா சேர்த்தால் உச்சப் பாராட்டு. ஜவஹருக்கு ஒரே குஷி. உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார். டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆடிட்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உச்சம், அதற்கு அடுத்த வீடுகளுக்குப் பெரிசு, மிச்சப் பேருக்கு வெறும் பாராட்டு. எந்தப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறது, எதற்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் ஆர்டிஇ பிள்ளைகள் பாக்கி. கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பயந்து கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்ட குப்பத்துப் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். வகுப்பிலேயே மூலையில் அவர்களுக்குத் தனி பெஞ்சு.

"அதுங்களுக்கும் ஒண்ணு போடணுமே மிஸ். பாக்க கெத்தா இருக்கணும், ஆனா பாராட்டு கீராட்டெல்லாம் வேணாம். மத்த பேரன்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க."

'பெனே' என்று போடலாம், 'நன்று' என்று அர்த்தம் என்றாள் ஜொவிட்டா. அவர் போனில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நன்று ஜாஸ்தியாம். தானே விரலால் தள்ளித் தள்ளிப் போய் ஒன்றைக் கண்டுபிடித்தார். சாட்டிஸ். போதும், போதுமான அளவு.

"இது போதும் அதுங்களுக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்துக்குத் தானே சிரித்தார்.

வார்த்தையில் ஒரு குற்றமும் இல்லை. வயிறு நிறைந்து எழுந்திருப்பவன் சொன்னால் அது நிறைவு. இலை முன்னால் உட்காரும்போதே பரிமாறுகிறவன் சொன்னால் அதற்குப் பெயர் என்ன? அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மே மாதம் கண்முன் வந்து நின்றது. மடத்தில் பழகிய முத்து முத்தான கையெழுத்தில், குப்பத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழும் அவளே அந்தச் சொல்லை எழுதினாள். எழுதி முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

விழாவில் கூட்டம் நெரிந்தது. ஸும்மா வாங்கிய பையன் ஒருவன் மேடையிலேயே அழுதுகொண்டு அங்கியை நனைத்துவிட்டான். அது குழந்தை, அதைச் சொல்லி என்ன பயன். அவனுடைய அப்பா அதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பூஜா வந்தாள். வகுப்பில் முதன்முதலில் வாசிக்க ஆரம்பித்தவள் இந்தப் பூஜாதான். பஸ் போர்டு, மருந்துக்கடைப் பலகை, பிஸ்கட் உறை எதையும் விடமாட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கே அவள்தான் கதை படித்துச் சொல்வாள். அவளுக்குச் சாட்டிஸ் என்று அறிவித்தார்கள். கைதட்டினார்கள்.

விழா முடிந்ததும் பூஜாவின் அம்மா புஷ்பம் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக ஓடி வந்தாள். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கிறவள். இன்னா டீச்சர் எய்தி கீது என்று அட்டையை நீட்டினாள். நல்லாப் படிச்சிருக்கான்னு போட்டிருக்கு என்று ஜொவிட்டா சொன்னாள். வாய் கூசாமல் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலில் பூசை முடிந்து வழக்கம்போல மீன் வாங்கக் குப்பத்துப் பக்கம் நடந்தாள். சந்து முனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. ஆள் உயரத்துக்குப் பூஜா, அங்கியும் தொப்பியுமாக. கீழே கூலிங் கிளாஸ் போட்ட மாமன்மார் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். 'சாட்டிஸ் பட்டம் வென்ற எங்கள் குப்பத்துத் தங்கம், சாட்டிஸ் பூஜாவை வாழ்த்துகிறோம்.' டாக்டர் என்று போடுவதைப் போலப் பெயருக்கு முன்னால் போட்டிருந்தார்கள். ஜொவிட்டாவுக்கு ஜவஹரின் காது அழுக்கை யாரோ அந்தக் குழந்தையின் நெற்றியில் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது. யாரோ என்ன யாரோ, இவள்தான்.

புஷ்பம் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். ஃபிளெக்ஸ் பார்த்தியா என்று கேட்டுவிட்டு இடது முன்கையைத் திருப்பிக் காட்டினாள். பீச்சில் பச்சை குத்துகிறவன் சாயங்காலம் வருகிறானாம். வலது கையில் புருஷன் பேர் இருக்கிறதாம். இந்தக் கையில் மகளின் பட்டம்.

"அத்த அப்டியே எய்திக் குடு டீச்சர். ஒங்கையெய்த்து மாரியே குத்தச் சொல்றேன்."

ஜொவிட்டா அந்த வெறுங்கையைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? குப்பத்தில் லத்தீன் தெரிந்தவர் யார்? அப்படி நினைத்தோமே என்றுதான் அவளுக்கு ரொம்ப அருவருப்பாக இருந்தது. சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லுக்குப் 'போதும்' என்று அர்த்தம், பாராட்டு இல்லை, குப்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அதைப் போட்டார்கள், இதுங்களுக்கு இது போதும் என்று தாளாளர் சொன்னார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

புஷ்பம் கத்தியைப் பலகைமேல் வைத்தாள்.

"எம் பேரு புஷ்பம் இல்ல டீச்சர்," என்றாள். "பழவேற்காட்டுப் பக்கம் எங்கூரு. மூணு பொட்டைக்கு அப்பால நான் பொறந்தேன். எங்கப்பன் வெச்ச பேரு போதும்பொண்ணு. பள்ளிக்கூடத்துல அந்தப் பேர வாத்தியாரு கூப்டும்போதெல்லாம் சிரிப்பாங்க. கல்யாணம் கட்டிக்கினு இங்க வந்து, நானா மாத்திக்கினேன்."

சொல்லிவிட்டு ஜொவிட்டாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம் பொண்ணுக்கும் அதே பேரா வெச்சீங்க? அதுவும் எனக்குத் தெரியாத பாஷையில?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனாள். மீன் வெட்டும் கத்தியாலேயே ஃபிளெக்ஸ் கயிற்றை அறுத்தாள். பூஜா சந்துக்குள்ளிருந்து ஓடி வந்து, ஏம்மா அறுக்கிற, ஏம்மா அறுக்கிற என்று அழ ஆரம்பித்தாள். புஷ்பம் திட்டவில்லை, கத்தவில்லை. மகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னாள்.

"அதுல தப்பா எய்திட்டாங்களாம்டி. ஒங்க மிஸ்ஸே திருத்திக் குடுப்பாங்க."

பூஜா அழுகையை நிறுத்திவிட்டு ஜொவிட்டாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். மிஸ்ஸுக்கெல்லாம் தப்பு வருமா என்று கேட்டாள். வரும் என்று தலையை மட்டும் ஆட்டினாள் ஜொவிட்டா.

அட்டை வந்தது, பேனாவும் வந்தது. ஸும்மா கும் லாவ்தே என்று எழுதலாம்தான். ஆனால் இப்போது அந்தப் பாஷையை நினைத்தாலே வாய் கசந்தது. சாட்டிஸை அடித்தாள். கீழே தமிழில், 'இந்த வகுப்பில் முதலில் வாசிக்கக் கற்றவள் பூஜா. எல்லாரையும்விட நன்றாக வாசிக்கிறாள்' என்று எழுதினாள். பூஜா எழுத எழுதவே சத்தம் போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"கையெய்த்து போடு," என்றாள் புஷ்பம். "ஒம் பேர முழுசா போடு."

போட்டாள். புஷ்பம் அட்டையை வாங்கிச் செதில் படாமல் முந்தானையால் பிடித்துக்கொண்டாள். ஒரு நன்றி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. கெட்டுப்போன மீனைப் பார்க்கிற பார்வையாக ஒரு பார்வை பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல இத்த எட்த்துக்கினு ஒங்க மொதலாளியாண்ட வருவேன். அப்ப வந்து, நான் எய்தலன்னு மட்டும் சொல்லாத டீச்சர்."

ஜொவிட்டாவுக்குக் கோபமே வரவில்லை. மறுத்துவிடும் அந்த வழியை இவள் ஏற்கெனவே யோசித்துப் பார்த்திருந்தாள், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே.