ஜன்னலோரப் பூசணி அழுகவில்லை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு போன். வார இதழின் சிறுவர் இணைப்புக்காக, இலையுதிர் காலத்தில் குழந்தைகள் செய்து பார்க்கும் அறிவியல் விளையாட்டுகள் ஐந்து எழுதித் தரச் சொன்னார் ஆசிரியர்.

"நீங்க அங்கதானே சார் இருக்கீங்க, இலையெல்லாம் செவக்கிற ஊர்ல. ரெண்டு பக்கம் போதும். கொலை வேண்டாம்."

அத்தியாயத்துக்கு ஒரு பிணம் என்று தொடர்கதை எழுதிப் பிழைப்பவனிடம் அப்படிச் சொல்வது நியாயம்தான். அமெரிக்காவின் விஸ்கான்ஸினில் நான் இருக்கும் சிற்றூரில், செவ்வாய்தோறும் இரண்டாம் வகுப்புக்குப் போய், பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆகவே சரக்குக்குப் பஞ்சமில்லை. நான்கு விளையாட்டுகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.* ஐந்தாவது, வகுப்பில் பூசணிக்காயை அழுக விட்டு வேடிக்கை பார்ப்பது.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போன வருஷம் அந்த வகுப்பின் பூசணி அழுகவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இதுவரை நடந்தது. இனிமேல் வருவதெல்லாம் நான் கட்டியது.

(* அதில் ஒன்று: ஓக் மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளைத் தண்ணீரில் போடுங்கள். மிதக்கும் கொட்டைக்குள் பெரும்பாலும் புழு இருக்கும். நல்லது மூழ்கும். மற்ற மூன்றும் இந்தக் கதைக்கு வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்:

"அவனை வகுப்பறைக்குள் தூக்கி வந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்குள் ஒன்றுமே இல்லை. சுரண்டி எடுத்திருந்தார்கள்."

எனக்குப் பிடித்திருந்தது. ஆசிரியர் முகம் நினைவுக்கு வந்ததால் அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "டெஸ்ஸா நோவாக்கின் நீல விழிகளில் அன்று காலை ஏதோ ஒரு—"

வேண்டாம். விழிகளில் தொடங்கி நான் நிறையச் சம்பாதித்துவிட்டேன்.

மூன்றாவது, நேராக: அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகை முடிந்ததும் வீட்டு வாசல்களில் கிடக்கும், முகம் செதுக்கிய பூசணிகளைப் பிள்ளைகள் பள்ளிக்குத் தூக்கி வருவார்கள். வகுப்புக்கு ஒன்று என்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்த பூசணி, ஒரு பிடி மண்ணோடு கண்ணாடித் தொட்டிக்குள் போய் ஜன்னலோரம் உட்காரும். பூஞ்சை பிடிப்பதையும் முகம் உள்ளே விழுவதையும் வசந்தம் வரை பார்த்துப் படம் வரைவார்கள். மூக்கு முதலில் போகுமா, கண்ணா என்று முன்கூட்டியே ஊகம் வேறு.

டெஸ்ஸாவுக்கு ஏழு வயது. அவள் பூசணி ஜெயித்தது. எதிலும் ஜெயித்துப் பழக்கமில்லாத பெண், எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டாள். பிறகு பக்கத்து நாற்காலி லெலண்டிடம் கேட்டாள்.

"எப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்?"

"வீட்டுக்கா? இது இங்கயே அழுகணும். அதுக்குத்தானே ஓட்டுப் போட்டோம்."

"ஜெயிச்சதுதானே அது?"

"ஆமா. அதான் அழுகப் போவுது. தோத்ததெல்லாம் பன்னிப் பண்ணைக்குத் தீனி." லெலண்ட் தொட்டியை உற்றுப் பார்த்தான். "மூக்குதான் மொதல்ல உள்ள போகும், பாரேன்."

3

பூசணி அழுகினால் இவளுக்கு என்ன? காரணம் வேண்டுமே. ஓர் அண்ணனை உண்டாக்கினேன். முதல் பிரதியில் அவன் ராணுவ வீரன். அடுத்ததில் இறந்துபோனான். இறந்தவனை வைத்து அழவைப்பது சுலபம். கை அதற்குப் பழகியும் இருக்கிறது. அதனால்தான் உயிரோடு விட்டேன்.

பெயர் வெஸ்லி. பன்னிரண்டு வயது. ஐஸ் ஹாக்கியில் முன்பல் பாதி உடைந்தவன். பூசணிக்கு வாய் செதுக்கும்போது அதற்கும் பாதிப் பல்லையே வைத்தான். பூஞ்சை பிடிக்காமல் இருக்க வினிகர் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தான். அந்த ஊரில் பல வீடுகளில் செய்வதுதான். ஹாலோவீனுக்கு மறுநாள் அப்பாவின் பிக்கப் வண்டியில் ஏறி, அப்பாவுக்குப் புது வேலை கிடைத்த, நாட்டின் இன்னொரு கோடியில் உள்ள நியூ மெக்ஸிகோவுக்குப் போய்விட்டான். ஆளுக்கொரு பிள்ளை என்று அப்பாவும் அம்மாவும் பேசி முடித்திருந்தார்கள்.

(இந்த ஏற்பாடு கொஞ்சம் கொடுமை என்று என் மனைவி சொல்கிறாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே பக்கம் வைத்தால் கதை இல்லை என்று பதில் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.)

பிறகு ஏன் அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள்? இந்தக் கேள்வியில் இரண்டு நாள் கதை நின்றது. விடை வாசலிலேயே இருந்தது: அணில். பூசணியின் முகத்தை அணில்கள் அங்கே விடிவதற்குள் தின்றுவிடும். பக்கத்து வீட்டுப் பூசணிக்குத் தாடை போனதைப் பார்த்த டெஸ்ஸா, அணில் வராத ஒரே இடம் பள்ளிக்கூடம் என்று முடிவு செய்தாள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தூக்கி வந்தது, அழுகுவதற்கு ஓட்டு வாங்கிவிட்டது.

4

இனி என் பேட்டை.

பக்கத்து வகுப்புப் பூசணிக்கு மூக்கு விழுந்தது. அதற்கடுத்த வகுப்பில் சாம்பல் நிறத்தில் தாடியே முளைத்துவிட்டது. இவர்கள் பூசணி மட்டும் பாதிப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தினம் ஒரே படத்தை வரைந்தார்கள்.

லெலண்ட் துப்பறியப் புறப்பட்டான். (இவன்மேல் எனக்குச் சந்தேகம். கெட்டிக்காரப் பையன் கண்டுபிடிப்பது என்றால் என் பழைய தொடர் எதையும் எடுத்துப் போட்டுவிடலாம். ஆகவே தப்பாகக் கண்டுபிடிக்கட்டும்.) தொட்டியின் மூடியை விலக்கி மூக்கை நுழைத்தான்.

"வெள்ளரிக்கா ஊறுகா வாசம் வருது. எவனோ சாண்ட்விச்ச உள்ள ஒளிச்சு வச்சிருக்கான்."

"போடா. ஒன் சட்டையில வந்திருக்கும்," என்றாள் டெஸ்ஸா.

"என் சட்டையில கெச்சப்புதான் இருக்கு. வேணா மோந்து பாரு."

அவள் முகரவில்லை. பூசணிக்குத் தண்ணீர் தெளிப்பது வகுப்பில் முறைவைத்து வரும் வேலை. ஈரம் இருந்தால்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அந்த வேலையை, சாப்பாட்டு டப்பாவில் இருந்த சீஸ் குச்சிகளைக் கொடுத்துக் கொடுத்து எல்லாரிடமிருந்தும் டெஸ்ஸா வாங்கிவிட்டாள். தெளிப்பானில் இருந்தது தண்ணீர் இல்லை. வீட்டு அலமாரி வினிகர். அண்ணன் செய்ததைத்தான் அவளும் செய்தாள்.

5

ஆசிரியை மிஸ் ஹால்வர்ஸனை முதலில் கடுகடுப்பாக எழுதினேன். "அந்த மிஸ், குழந்தையை எல்லார் முன்னாலும்—" எனத் தொடங்கிய பத்தி மூன்று வரி போனது. பிறகு தேவதையாக எழுதினேன், அது இன்னும் மோசம். இப்போது இருப்பவர், முழங்கால் வலியும் காலையில் குடிக்க மறந்து ஆறிய காப்பியும் உள்ள சாதாரண ஆள். தெளிப்பானை ஒரு நாள் கையில் எடுத்தார், முகர்ந்தார். எல்லாரும் விளையாடப் போன நேரத்தில் டெஸ்ஸாவை நிறுத்திக்கொண்டார்.

"இது சாலட்டுக்கு ஊத்தறது, இல்ல?"

டெஸ்ஸா ஷூவைப் பார்த்தாள்.

"திட்டறதுக்குக் கேக்கல. எதுக்குன்னுதான்."

"அது வெஸ்ஸோட பல்லு மிஸ்."

"போட்டோ எடுத்து வச்சுக்கலாமேடா."

"போட்டோ இருக்கு. அத வெஸ் செதுக்கல."

மிஸ் ஹால்வர்ஸன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு இங்கே நல்ல வசனம் ஒன்று தேவை. என்னிடம் இல்லை. "வெஸ்ஸுக்குத் தெரியுமா, நீ இப்படிக் காப்பாத்தி வச்சிருக்கன்னு?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றாள். "கேட்டுடலாமா?" என்றார். அன்றே டெஸ்ஸாவின் அம்மாவிடம் பேசி, பள்ளி விட்டதும் வகுப்புக் கணினியிலேயே வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தார்.

6

திரையில் வெஸ்லி. பின்னால் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தான்.

"ஏய் டெஸ். என்ன, ஸ்கூல்ல இருந்து?"

டெஸ்ஸா தொட்டியின் பக்கம் கேமராவைத் திருப்பினாள். "பாரு. அப்படியே இருக்கு."

"அட, நம்ம ஆளு. இன்னும் மூக்கு விழலையா?"

"நான் விழ விடல. வினிகர் அடிக்கறேன், டெய்லி."

"லூசு. விழறதுதான்டி சூப்பர். நான் ரெண்டாவது படிக்கும்போது எங்க பூசணிக்குக் கண்ணு ரெண்டும் ஒரே நாள்ல போச்சு. உள்ள புழுவெல்லாம் வந்து, ஒருத்தி வாந்தியே எடுத்துட்டா."

"நீ கிறிஸ்மஸுக்கு வந்து பாக்கணும்னுதான்."

வெஸ்லி மெல்லுவதை நிறுத்தினான். பக்கவாட்டில், அப்பா இருக்கும் திசையில் பார்த்தான். "அது தெரியல டெஸ். டிக்கெட்டு ஏதோ... தெரியல." பிறகு திரையருகே வந்தான். "நீ ஒண்ணு பண்ணு. மூக்கு விழுந்தா கூப்புடு. கண்ணு விழுந்தாலும் கூப்புடு. லைவ்வா காட்டு. இப்படியே இருந்துச்சுன்னா நான் என்னத்தப் பாக்கறது, சொல்லு?"

"என்னைப் பாரு." கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஒன்னப் பாத்துட்டுத்தான் இருக்கேன். மூக்குல சளி."

அவள் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா என்பதை மிஸ் ஹால்வர்ஸன் கவனிக்கவில்லை, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் விட்டுவிட்டேன்.

7

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய நாள். வகுப்பில் பாதி விளக்குகள் அணைந்துவிட்டன. கோட்டு மாட்டிக்கொண்டு தொட்டியின் முன் நிற்கிறாள் டெஸ்ஸா, கையில் தெளிப்பான். இன்று அடித்தால் விடுமுறை முடியும் வரை தாங்கும். விட்டுவிட்டால் தாங்காது.

முடிவுகள் என்னிடம் மூன்று உள்ளன.

கதவு திறக்கிறது, வாசலில் வெஸ்லி நிற்கிறான். வாரப் பத்திரிகைக்கு இதுதான் லட்டு மாதிரி. பன்னிரண்டு வயதுப் பையன் நியூ மெக்ஸிகோவிலிருந்து தனியாக எப்படி வந்தான் என்று நீங்கள் கேட்பீர்கள். கிழித்துவிட்டேன்.

அடிக்கிறாள். பாதிப் பல் டிசம்பரிலும் சிரிக்கிறது. காட்டுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாததால் அவள் கூப்பிடவில்லை. அவனும்—

அடிக்கவில்லை. விடுமுறை முடிந்து வந்து பார்க்கிறாள், மூக்கு இல்லை. ஓடிப்போய்க் கூப்பிடுகிறாள், கண் விழுந்த அன்றும் கூப்பிடுகிறாள், வாய் சுருங்கிப் பல் கழன்ற அன்று கூப்பிட்டபோது அவன் வேறு எங்கோ விளையாடப் போயிருந்தான் என்று அப்பா—

இந்த இரண்டையும் முடிக்க என்னால் முடியும். தொழிலே அதுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும் என் கை மறுக்கிறது. மிஸ் ஹால்வர்ஸனும் கதவருகே சாவிக்கொத்தோடு நிற்கிறார். என்ன சொல்வது என்று அவருக்கும் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆசிரியருக்கு அனுப்பும் பிரதியில், இதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விடும்படி குறிப்பு எழுதியிருக்கிறேன். அவர் அங்கே ஏதாவது விளம்பரம் போட்டுவிடுவார். அதற்குள் நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். டெஸ்ஸாவின் விரல் தெளிப்பானின் பிடியில் இருக்கிறது. வெளியே பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் எல்லாரையும் ஏற்றிவிட்டு, ஒரு பிள்ளை குறைகிறதே என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.