பெரட்டில் சொன்ன பிராது

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததும் லூனாஸ் பக்கத்துத் தோட்டத்துத் துரை மூட்டையைக் கட்டிவிட்டான். ரப்பர் மரம் சீவும் கித்தா வெட்டு நின்றுபோய் மரவள்ளி நடவு வந்தது. யோகம் அடித்தது கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் பழனியாண்டிக்குத்தான். தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் என்பார்களே, அந்தக் காலம் அது.

மரவள்ளிக் காட்டில் பெண்கள் தனியாகச் சிக்கினால் போதும், கையைப் பிடிப்பான். உதறினால், சட்டைப்பையிலிருந்து சிவப்பு முத்திரை குத்திய தாளை உருவிக் காட்டுவான். சயாமில் ரயில் பாதை போட ஆள் அனுப்பும் பட்டியலாம். புருஷன் பேரைச் சேர்க்க எவ்வளவு நேரமாகும் என்பான். சயாமுக்குப் போனவன் எவன் திரும்பினான்? மருதம்மாளின் புருஷன் இருளப்பன் மலேரியாவில் ஏற்கெனவே பாதி உயிர். அவனுக்காக மூன்று மாதம் நெருப்பை விழுங்கிக்கொண்டு கிடந்தாள், பாவி மகள்.

யாரிடம் சொல்வது? எந்தக் குறையானாலும் கூலியாள் மண்டோரிடம் சொல்ல வேண்டும், மண்டோர் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்வான். அதுதான் தோட்டத்து வழக்கம். ஆபீஸ் படியை நேராக மிதித்தால் வேலை போய்விடும். காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி பேர் கூப்பிடும்போது மட்டும்தான் அவர் முகத்தைப் பார்த்து "இருக்கேன்யா" என்று வாய் திறக்கலாம்.

ஒரு நாள் பழனியாண்டி கெடு வைத்தான். மறுநாள் மத்தியானம் பூட்டிக் கிடக்கும் கித்தாப் பால் ஸ்டோருக்கு அவள் வரவேண்டும், வராவிட்டால் இருளப்பன் லாரியில் ஏறுவான். தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? மறுநாள் காலையில் மருதம்மாள் நிமிர்ந்து பெரட்டுக்குப் போனாள். கிராணி சீனிவாசகம் அவள் பேரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன்யா. மண்டோரு என்னை இன்னிக்கு பால் ஸ்டோருக்கு வரச் சொல்றாரு. வரலேன்னா எம்புருசனைச் சயாமுக்கு அனுப்பிடுவாராம். லிஸ்டு அவரு பாக்கெட்டுலதான் இருக்கு."

பழனியாண்டி தடியை ஓங்கினான். கிராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்க தோஷத்தில் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

"இருக்கேன்யா," என்றாள் பாப்பம்மா. "எங்கிட்டயும் அதே தாளைத்தான் காட்டுனாரு."

அடுத்தவள் இராசாத்தி. அவளும் அதையே சொன்னாள். அடிப்பாவிகளா, கூலி லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள்! தனக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாக அழுதிருக்கிறாள்.

ஆண்கள் வரிசையிலிருந்து இருளப்பன் வந்தான். ஓங்கிய தடி ஓங்கியபடியே நிற்க, மண்டோரின் பையிலிருந்து தாளை உருவிக் கிராணியிடம் கொடுத்தான். சீனிவாசகம் படித்தார். வீட்டுக்கு வீடு ஆமணக்கு நடச் சொல்லும் நோட்டீஸ் அது! சயாம் பட்டியலை எழுதுவது தான்தான் என்றும், அதில் இருளப்பன் பேரே இல்லை என்றும் சொன்னார். எழுத்து வாசனையே இல்லாத பயல், வெறும் முத்திரையை வைத்துத் தோட்டத்தையே ஆட்டியிருக்கிறான்.

இத்தனை நாளாக ஏன் ஒருத்தியும் சொல்லவில்லை என்று கிராணி கேட்டார்.

"மண்டோரு மேல பிராதுன்னா அதையும் மண்டோருகிட்டதானேய்யா சொல்லணும்?" என்றாள் மருதம்மாள்.

கிராணி பழனியாண்டியின் தடியைப் பிடுங்கி, அவன் கையில் மண்வெட்டியைக் கொடுக்கச் சொன்னார். பிறகு பேர்ப் புத்தகத்தை மூடி, எல்லாரும் வேலைக்குப் போகலாம் என்றார்.

மருதம்மாள் நகரவில்லை.

"புத்தகத்தைத் தொறங்கய்யா. இன்னும் பதினோரு பொம்பளைங்க பேரு பாக்கி இருக்கு."