தொலைபேசிக்கு மேலே ஒட்டிய விதி

இருபத்திரண்டு வருடம் பெண்கள் காப்பகத்தை நடத்திய தலைவிக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் அவளை ஆலமரம் என்றார்கள். பதினோராவது கேடயம் கைக்கு வந்தது. முந்தைய பத்தில் இரண்டு, காற்றுக்கு அடித்துக்கொள்ளும் கதவுகளுக்கு முட்டுக் கொடுத்துத் தொண்டாற்றிக்கொண்டிருந்தன.

கூட்டம் கலைந்ததும் நேராகப் போய் இரும்பு அலமாரியைத் திறந்தாள். சாயங்காலம் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் ஆறு வருடத்துக்கு முந்தைய கோப்பு ஒன்று வேண்டியிருந்தது. கணக்கு டீச்சருடையது.

டீச்சர், புருஷன் அடி தாங்காமல் வந்து பதினோரு மாதம் தங்கியவள். தலைவி முன்னால் எல்லோரும் அழுதார்கள், கும்பிட்டார்கள், அக்கா அக்கா என்று உருகினார்கள். டீச்சர் மட்டும் கிண்டல் பண்ணினாள். மேடையில் முழங்கிவிட்டு வந்தால், "ஏய் தலைவி, சமூகம்னு நாப்பத்தோரு தடவை சொன்னே. விரல் விட்டு எண்ணிட்டேன்" என்பாள். வெங்காயம் உரித்துக்கொண்டே இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அப்புறம் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாள். போனவள் போனவள்தான்.

தலைவியே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் தொலைபேசிக்கு மேலே அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது: 'இங்கிருந்து போனவர்களை நாமாக அழைக்கக் கூடாது.' ஆரம்ப காலத்தில், சமாதானமாகி வீடு திரும்பிய ஒருத்தியை நலம் விசாரிக்கக் கூப்பிட்டாள். எடுத்தது புருஷன். அந்த வாரமே அவள் கையில் கட்டோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு எழுதியது அது.

"என்னக்கா தேடறீங்க?" பின்னால் துணைச் செயலாளர். நாளையிலிருந்து அவள்தான் தலைவி.

"சும்மாடி."

"சும்மா தேடற முகமா இது? டீச்சர் நம்பர்தானே?"

"விதியை எழுதினதே நான்தான், தெரியுமில்ல?"

"தெரியும். அதான் பயமா இருக்கு."

தலைவி கோப்பைத் திறந்தாள். எண் இருந்தது. டீச்சர் இப்போது யாரோடு இருக்கிறாள், பழைய கதை தெரிந்தவர்களோடா, தெரியாதவர்களோடா? அது எதுவும் கோப்பில் இல்லை. மூடிவிட்டாள்.

"அவளே ஒருநாள் கூப்பிட்டு, தலைவி இருக்காளான்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"ரிட்டயர் ஆயிட்டாங்கன்னு சொல்லுவேன்."

"வெச்சிடுவா. ரெண்டாவது தடவை கேக்கற ஜாதி இல்ல அவ."

துணைச் செயலாளர் மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். தொலைபேசி எடுக்கும் தன்னார்வலருக்கான விண்ணப்பம். "நிரப்பிக் கொடுங்க. ஆறு நாள் பயிற்சி இருக்கு."

"அந்தப் பாடத்தை எழுதினதும் நான்தாண்டி!"

"பரவாயில்ல, ஈஸியா இருக்கும்."

'பெண்கள் நலப் பணியில் முன் அனுபவம்' என்ற இடத்தில் தலைவி 'ஓரளவு' என்று எழுதினாள்.

வியாழக்கிழமை இரண்டு முதல் ஐந்து வரை கிடைத்தது. முதல் வியாழன் நாலு அழைப்பு. ஒன்று, எரிவாயு எப்போது வரும் என்று கேட்ட பெரியவர். ஒருத்தி பெயர் சொல்லாமல் அரைமணி நேரம் அழுதாள்; தலைவி அவசரப்படுத்தாமல் கேட்டாள். மணி ஐந்தானது. அடுத்த ஆள் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தொண்டையைக் கனைத்தாள்.

"இரும்மா," என்றாள் தலைவி. "இன்னும் ஒண்ணு பார்த்துட்டு எழுந்துக்கறேன்."