மூன்று மீட்டரும் கடைசி நட்டும்

எழுந்தான். பல் தேய்த்தான். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். காபியை நின்றபடியே குடித்தான். ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் இல்லை. ஷெட்டைத் திறந்தான்.

பழைய கார். டேஷ்போர்டில் மூன்று ஓட்டைகள். ஸ்பீடோமீட்டர், ஆயில் மீட்டர், வெப்ப மீட்டர் மூன்றையும் கண்ணாடி துடைக்கக் கழற்றியவள் அவன் மனைவி. திரும்ப மாட்டுவதற்குள் போய்விட்டாள். டேஷ்போர்டுக்குப் பின்னால் அவள் கைதான் நுழையும். அவன் கை மணிக்கட்டோடு நின்றுவிடும்.

"உங்க கை கையா மாப்பிள்ளை? உலக்கை. தள்ளுங்க," என்றார் மாமியார்.

மகளுக்கு இருந்த அதே சின்னக் கை அவருக்கும். மாட்டித் தரத்தான் வந்திருந்தார். கூடவே ஒரு கேள்வியும் வந்திருந்தது: அவள் கடைசியாக என்ன பேசினாள்? அம்மா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆப்பரேஷன் அறை வாசலில் இருந்தவன் அவன் மட்டும்தான். கேட்கும்போதெல்லாம் நழுவினான்.

மாமியார் முடியை அள்ளி முடிந்துகொண்டு, சீட்டில் தலைகீழாகப் படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டார். பாதம் இரண்டும் சீட்டின் முதுகில்.

"டார்ச்சை மூஞ்சியில அடிக்காதீங்க. எனக்கா ரிப்பேர்?"

முதலில் வெப்ப மீட்டர். அதன் வாலாக மெல்லிய செம்புக் குழாய், இன்ஜின் வரை போகும். மடிந்தால் மீட்டரோடு தூக்கிப் போட வேண்டியதுதான். அவன் பானட்டுக்குள் குனிந்து குழாயைப் பிடித்தான்.

"இழுக்கட்டுமா அத்தை?"

"இழுக்காதீங்க! கைக்குழந்தை மாதிரி கூட்டிட்டுப் போங்க."

போயிற்று. ஸ்பீடோமீட்டர் கேபிளும் ஒழுங்காக உட்கார்ந்தது. ஆயில் மீட்டரில் ஒரே ஒரு நட்டு பாக்கி. கீழே திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"அத்தை, நட்டு?"

"என் கையில இருக்கு. அவ என்ன சொன்னா?"

"முதல்ல மாட்டுங்க."

"முதல்ல சொல்லுங்க. இல்லாட்டி இப்படியேதான் கிடப்பேன். மாமியாரைக் காருக்குள்ள கவுத்துப் போட்டுட்டான்னு தெருவே வந்து பார்க்கட்டும்."

அவனுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கினான்.

"என்னைக் கேட்டாளா?" குரல் இறங்கியிருந்தது.

"இல்ல அத்தை."

"வலிக்குதுன்னாளா?"

"இல்ல."

"பின்ன சொல்றதுக்கு என்ன?"

"உங்ககிட்ட சொல்ற பேச்சில்ல அது."

"அவளைக் குளிப்பாட்டி வளர்த்தவ நான். எனக்கென்ன கூச்சம்?"

அன்றைக்கு இதே ஆயில் மீட்டரின் குழாய் ஒழுகாமல் அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தபோதுதான், அவளை ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினான். வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைப் பிடிக்கப் போனான்.

டார்ச்சை அணைத்தான். மாமியாரின் பாதங்களைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான்.

கீழே என்னவோ சத்தம். அழுகிறார் என்று பயந்து குனிந்தான். மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் நெற்றிப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. சின்னக் கை நட்டைத் திருகியது.

"இறுக்கியாச்சு. இன்னொரு தடவை சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்:

"ஐயோ, கையெல்லாம் ஆயில், தொடாதே. போய் சோப்பு போட்டுக் கழுவிட்டு வா. அப்புறம் எவ்வளவு வேணாலும் கொஞ்சிக்கோ."